ஊர்பேர் தெரியாத ஹப்

திங்கட்கிழமை சாயங்காலம் கல்பனா அமெரிக்கர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது, பாதிப் பேச்சில் அவள் முகம் திரையில் உறைந்து நின்றது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி, தும்மலுக்குத் தயாராகிறவள் மாதிரி. எதிர்முனையில் இருந்தவர்கள் அந்த முகத்தை மரியாதையாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முகமும் போய்விட்டது.

கேமரா, காதில் மாட்டியிருந்த ஹெட்செட், மவுஸ், இன்டர்நெட் வயர் எல்லாம் ஒரே நேரத்தில் மயக்கம் போட்டு விழுந்திருந்தன. அந்த மாதத்தில் இப்படி ஆவது இது முதல் தடவை இல்லை.

கல்பனாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். கணவன் விக்னேஸ்வரன் ராணுவத்தில், இப்போது ஜம்முவில். கல்யாணம் ஆகியும் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டலில் கிடந்தவள், மேனேஜர் எட்வினிடம் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த மாதம் விக்னேஸ்வரன் லீவில் வருகிறான். அவன் வந்து இங்கே இறங்க, அவள் அங்கே ஹாஸ்டல் வாசலில் நிற்பது என்றால் அது லீவு இல்லை, தண்டனை.

அன்றைக்கே எட்வின் போன் செய்தார். கல்பனா ஸ்பீக்கரில் போட்டாள். மேலே பேசத் தெம்பில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கல்பனா, ஃபால்ட் வர்றதுகூடப் பரவாயில்லை. ஏன் வருதுன்னே தெரியாம வருது பாருங்க, அதான் பிரச்னை. ஒவ்வொரு தடவையும் 'நெட்வொர்க் கோளாறு'ன்னு ரிப்போர்ட் எழுதித் தர்றீங்க. க்ளையன்ட் இப்ப அதைப் படிக்கறதேயில்லை. வெள்ளிக்கிழமை ரிவ்யூ மீட்டிங். அன்னைக்கும் காரணம் தெரியாம கட் ஆச்சுன்னா, அடுத்த வாரத்துலேருந்து சென்னை ஆபீஸுக்கு வந்துருங்க."

கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சுந்தரபாண்டியன். மாமனார். ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர். அவருக்கும் இதில் ஒரு நஷ்டம் இருந்தது. வேலையில் இருந்த காலத்தில் பிடித்த கேஸ்களை எல்லாம் அவர் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். "வத்திராயிருப்பு ஸ்டேஷன்ல இருக்கும்போது" என்று அவர் ஆரம்பித்தால் மனைவி குருவம்மாள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அடுப்பு பற்றவைக்காத நேரத்திலும் போவாள். கல்பனா ஒருத்திதான் கடைசிவரை உட்கார்ந்து, "பொறவு என்ன மாமா ஆச்சு?" என்று கேட்பவள். அந்த ஒரு காதும் சென்னைக்குப் போய்விட்டால் அவர் கேஸ்களை எல்லாம் சுவரிடம்தான் சொல்ல வேண்டும்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"தாயி, அழுகாத. இத நான் எடுத்துக்கிடுதேன்."

"நீங்க என்ன மாமா பண்ண முடியும்? இது கம்ப்யூட்டர்."

"குத்தம் நடந்திருக்கா இல்லையா? நடந்திருக்கு. அப்ப செஞ்சவன் ஒருத்தன் இருப்பான். சொல்லு. சம்பவம் நடக்கையில கடைசியா என்னத்தப் பாத்த?"

கல்பனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "ஸ்கிரீன் ஓரத்துல ஏதோ ஒரு செய்தி வந்துச்சு மாமா. படிக்கறதுக்குள்ள மறைஞ்சிருச்சு."

"பெருசா சின்னதா?"

"சின்னதுதான்."

"எந்தப் பக்கம் போச்சு?"

"வலது பக்கம்."

"மறுபடி பாத்தா அடையாளம் காட்டுவியா?"

கல்பனாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. காட்டுவேன் என்று தலையாட்டினாள்.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் வயர் சொருக இரண்டே ஓட்டைகள். அதனால் சுந்தரபாண்டியன்தான் ராஜபாளையம் போனபோது ஒரு யு.எஸ்.பி. ஹப் வாங்கி வந்திருந்தார். கறுப்பாக, சோப்புப் பெட்டி அளவில், ஏழு ஓட்டையோடு. அதன் வாலை லேப்டாப்பில் சொருகிவிட்டு மற்றதை எல்லாம் அதில் சொருகியிருந்தாள்; இன்டர்நெட் வயருக்கு மட்டும் நடுவில் ஒரு சின்ன அடாப்டர். மேசைக்குக் கீழ்த்தட்டில், ஜன்னல் பக்கமாக அது கிடந்தது.

"எல்லாப் பயலும் ஒரே நேரத்துல விழுந்தான்னா, எல்லாப் பயலும் ஒரே எடத்துல சாப்பிட்டிருக்கான்," என்றார் சுந்தரபாண்டியன். "அந்தப் பெட்டியப் பத்தி என்ன தெரியும்?"

கல்பனா லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜர் என்ற பட்டியலைத் திறந்தாள். கம்ப்யூட்டரோடு ஒட்டியிருக்கிற சாமான்கள் எல்லாம் அதில் பேரோடு இருக்கும். கேமராவுக்குக் கம்பெனி பேர் இருந்தது. ஹெட்செட்டுக்கும் இருந்தது. ஹப் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜெனரிக் யு.எஸ்.பி. ஹப்' என்று மட்டும் இருந்தது.

"ஜெனரிக்னா?"

"பொதுவானது மாமா. இன்ன கம்பெனின்னு கிடையாது."

"ஊரும் இல்ல, பேரும் இல்ல." சுந்தரபாண்டியன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "அதென்ன, அதே பேரு கீழயும் இருக்கு?"

ஆமாம், இரண்டு தடவை இருந்தது. ஜெனரிக் யு.எஸ்.பி. ஹப். ஜெனரிக் யு.எஸ்.பி. ஹப்.

"நாம வாங்குனது எத்தன?"

"ஒண்ணு."

"உள்ள இருக்கறது?"

"ரெண்டு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பணியில் இருந்த காலத்தில் பெரிய துப்பு கிடைத்தால் இப்படித்தான் சாய்வார். "ஒருத்தன் கூட்டாளியோட வந்திருக்கான்," என்றார்.

அடுத்த விசாரணை செவ்வாய்க்கிழமை அடுப்படியில் நடந்தது.

"ஏட்டி, திங்கக்கெழம சாயந்தரம் நீ எங்க இருந்த?"

குருவம்மாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "எங்க இருப்பாக? பாங்காக்ல இருந்தேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. அந்த மேசப் பக்கம் போனியா?"

"நான் அங்கன பெருக்கக்கூடப் போறதில்ல. வயரத் தொட்டா வேல போயிரும்னு நீங்கதான சொன்னீக. ஒரு மாசத் தூசி கெடக்கு. அதப் புடிச்சு உள்ள போடுங்க."

சாட்சி ஒத்துழைக்கவில்லை என்று அவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கல்பனாவுக்கு வேலை தொடங்குமுன் ஹப்பைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை நூலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைக்க அரக்கு இல்லாததால் குருவம்மாளின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, பஸ் ஏறினார். ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நைனா முகமதுவின் கடை. செல்போன் கவர், சார்ஜர், கம்ப்யூட்டருக்கான சில்லறைச் சாமான்கள்.

நைனா முகமதுவுக்கும் அவருக்கும் பழைய பழக்கம். பல வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைப் பூட்டை உடைத்து யாரோ செல்போன்களை அள்ளிக்கொண்டு போனபோது, விசாரித்த அதிகாரி சுந்தரபாண்டியன்தான். ஆள் கிடைக்கவில்லை.

கவரைப் பார்த்ததும் நைனா முகமது கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "என்னய்யா, பொட்டெல்லாம் வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீக?"

"சீலு. பாய், நீரு குடுத்த சாமான் வீட்டுல பெரிய அட்டூழியம் பண்ணிருக்கு. இது எந்த ஊரு? யாரு செஞ்சது? ஒண்ணக் குடுத்துட்டு ரெண்டா எப்படிப் பதிவாகுது? முதல்ல அதச் சொல்லும்."

"என் கடைப் பூட்ட ஒடச்சவனத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கீக. அதுக்குள்ள ஹப்பப் புடிச்சிட்டீகளே."

"பழைய கேஸ இழுக்காதீரும்."

"இழுக்கல. ஞாபகப்படுத்துனேன்." நைனா முகமது பொட்டைப் பிய்த்துக் கவரின் மேலேயே பத்திரமாக ஒட்டிவைத்தார். "ஐயா மருந்துக் கடையில ஜெனரிக் மாத்திர வாங்குறீகள்ல? அட்டையில பெரிய கம்பெனி பேரு இருக்காது. மருந்து அதேதான். அந்த மாதிரிதான் இதுவும். கம்ப்யூட்டர் எல்லா ஹப்பையும் ஒரு பொதுப்பேரு வச்சுக் கூப்பிடுது. அது அவன் குத்தமில்ல."

"ரெண்டு?"

"உள்ள நாலு வழிச் சில்லு ரெண்டு இருக்கும். ஒண்ணோட ஒரு வழியில இன்னொண்ணக் கோத்திருப்பான். அப்ப எத்தன வழி மிஞ்சும்? மூணும் நாலும் ஏழு. அதான் ஏழு ஓட்ட, ரெண்டு பேரு. சந்தேகமா இருந்தா இங்க பாருங்க."

தன் கடைக் கம்ப்யூட்டரில் அதே பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு ஹப்பைச் சொருகினார். இரண்டு ஜெனரிக் முளைத்தன. பிடுங்கினார். இரண்டும் மறைந்தன. மறுபடி சொருகினார். இரண்டும் வந்தன.

"எது எவன்னு தெரியலைன்னா இதுதான் வழி ஐயா. ஒருத்தன வெளிய அனுப்புங்க. பட்டியல்ல எவன் பேரு போகுதோ அவன்தான் இவன்."

சுந்தரபாண்டியனுக்கு முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த வேலை. "அடையாள அணிவகுப்பு," என்றார்.

"என்னமோ ஒண்ணு." நைனா முகமது கடையில் இருந்த மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஹப்பின் ஏழு வாயிலும் சொருகிப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தன. "ஹப்பு மேல தப்பில்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. இதுக்குத் தனிக் கரண்ட் கெடையாது. லேப்டாப்பு ஊட்டுறதத்தான் ஏழு பேரும் பங்கு போட்டுத் திங்கணும். எவனாவது ஒரு பெருந்தீனிக்காரன் வந்து ஒக்காந்துட்டா லேப்டாப்பு கதவச் சாத்திரும். எல்லாரும் பட்டினி. அதுல என்னென்ன சொருகிருக்கீக?"

"கேமரா. காதுல மாட்டுறது. நெட்டு வயரு. மவுசு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

சுந்தரபாண்டியன் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சாமான்களைக் கேட்டார்கள், கம்ப்யூட்டர் சாமான்களைச் சொன்னார். அவருடைய டார்ச் லைட்டை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முழங்கை நீளத்தில், எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிவரை வெளிச்சம் அடிக்கிற டார்ச் அது. போன லீவில் விக்னேஸ்வரன் வாங்கிக் கொடுத்தது. ஓய்வு பெற்ற பிறகும் தினம் எட்டு மணிக்கு மடவார்வளாகத்துத் தெருக்களில் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ரோந்து போவார். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நைனா முகமது உட்படப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அந்த ரோந்தைப் பற்றிச் சொல்லியும் வைத்திருந்தார். டார்ச்சோடு சார்ஜ் செய்ய வயர் மட்டும் வந்தது, சுவரில் சொருகும் கட்டை வரவில்லை. அதனால் வெளிச்சம் மங்கிய நாட்களில், சாயங்காலம் கல்பனாவின் ஹப்பில் காலியாக இருந்த ஒரு வாயில் சொருகி ஜன்னல் திட்டில் வைத்துவிடுவார். டார்ச் என்பது போலீஸ்காரனின் கையில் ஒரு விரல் மாதிரி. விரலை யாராவது சந்தேக லிஸ்ட்டில் சேர்ப்பார்களா?

வியாழக்கிழமை காலை அணிவகுப்பு நடந்தது. ஹப்பைக் காலியாக்கி, கேமரா, ஹெட்செட், நெட் வயர், மவுஸ் நாலையும் மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். கல்பனா பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சொருகினார்.

"கேமரா."

"வந்துருச்சு மாமா."

"ஆடாம இருக்கானா?"

"இருக்கான்."

"காது மாட்டி."

"வந்துருச்சு."

நாலும் உள்ளே போயின. நாலும் சமர்த்தாக இருந்தன. வெவ்வேறு ஓட்டைகளில் மாற்றிச் சொருகினார். ஹப்பைக் குலுக்கினார். வயரை மடக்கினார். கேமராவைத் திடீரென்று பிடுங்கித் திடீரென்று சொருகினார். கல்பனா தன் தோழி ஒருத்தியை வீடியோவில் கூப்பிட்டு முழுதாக ஒரு மணி நேரம் பேசினாள். அணுவளவும் பிசகவில்லை. பக்கத்து அறையில் டார்ச் பீரோமேல் படுத்திருந்தது.

"நாலு பேரும் குத்தவாளி இல்ல," என்றார் சுந்தரபாண்டியன். குரலில் ஏமாற்றம் இருந்தது. "வெளியாளு வேல. கரண்ட்தான். நாளைக்குப் பந்தோபஸ்து போட்டுருவோம்."

வெள்ளிக்கிழமை மாலை வீடு ஊரடங்கில் இருந்தது. மிக்ஸி, கிரைண்டர், டி.வி. எல்லாவற்றின் பிளக்கும் பிடுங்கப்பட்டிருந்தது. பிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கப் போனவரைக் குருவம்மாள் கையைத் தட்டிவிட்டாள்.

"எட்டு மணி வரைக்கும் எதுவும் ஓடக்கூடாது," என்றார்.

"இட்லிக்கு ஊறப்போட்டிருக்கேன். அரிசி கேக்குமா உங்க எட்டு மணிய?"

"ஒரு நாள் ஊறட்டும்."

"ஊறட்டும். நாளைக்குப் புளிச்ச இட்லியத் தின்னுட்டு மூஞ்சியத் தூக்காதீக."

ஆறரைக்கு மீட்டிங் தொடங்கியது. சுந்தரபாண்டியன் கேமரா கண்ணில் படாத மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கல்பனா இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். பச்சை நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் கட்டங்கள் திரையில் வந்து போயின. அமெரிக்கர்கள் தலையாட்டினார்கள். எட்வின்கூட ஒரு தடவை சிரித்தார். நேரம் ஏழு தாண்டியது. ஏழரையும் தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. எதிரி பயந்துவிட்டான் என்று அவருக்குப் புரிந்தது. ஓர் ஆள் உட்கார்ந்து முறைத்தால் பாதிக் குற்றம் குறைந்துவிடும் என்று அவர் சும்மாவா சொல்வார்.

மனது லேசானதும் ரோந்து ஞாபகம் வந்தது. நேற்று இரவு டார்ச் மங்கலாக எரிந்ததும் ஞாபகம் வந்தது. இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் ஏறினாலும் போதும். சத்தம் வராமல் எழுந்து, அடுத்த அறைக்குப் போய் டார்ச்சை எடுத்துவந்தார். கேமராவுக்குத் தெரியக்கூடாது என்று இடுப்பை வளைத்துக் குனிந்து, பூனை மாதிரி நகர்ந்து, ஜன்னல் பக்கம் மண்டியிட்டு, ஹப்பின் கடைசி வாயில் வயரைச் சொருகினார். டார்ச்சில் சிவப்புப் பொட்டு எரிந்தது. திருப்தியாக நிமிர்ந்தார்.

"ஹலோ?" என்றாள் கல்பனா. "ஹலோ? கேன் யூ ஹியர் மீ?"

யாரும் கேட்கவில்லை. திரையில் அவள் முகம் போன இடத்தில் கறுப்புக் கட்டம். அதன் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு செய்தி வந்து நின்றது. இந்தத் தடவை அவள் படித்துவிட்டாள். ஹப்பில் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கப்படுகிறது என்று இங்கிலீஷில் இருந்தது.

அவள் கீழே குனிந்து பார்த்தாள். ஹப்பிலிருந்து ஒரு வெள்ளை வயர் கிளம்பியது. வயர் போய் டார்ச்சில் முடிந்தது. டார்ச் போய் மாமனாரின் கையில் முடிந்தது. அந்த அறையில் அப்போது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரே சாமான் அந்தச் சிவப்புப் பொட்டுதான்.

"மாமா, இத எப்பலேருந்து இங்க சொருகுறீங்க?"

"எத?"

"கையில இருக்கறத."

மேசைக்கு எதிரே நிறுத்திய எத்தனையோ பேரின் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். மாட்டிக்கொண்டவன் முதலில் தரையைத்தான் பார்ப்பான். சுந்தரபாண்டியன் தரையைப் பார்த்தார். தூசி நிறையத்தான் இருந்தது.

"அணிவகுப்புல இது நிக்கவே இல்லையே மாமா."

"இது பட்டியல்ல வராதே தாயி," என்றார் பலவீனமாக.

வராதுதான். கேமராவும் மவுஸும் கம்ப்யூட்டரிடம் பேர் சொல்லிவிட்டு உள்ளே வருகிறவை. டார்ச்சுக்குக் கம்ப்யூட்டரோடு பேச்சு வார்த்தையே கிடையாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யார் பெண் யார் என்று தெரியாமல் நேரே பந்தியில் போய் உட்காருகிறவன் மாதிரி, கரண்டை மட்டும் தின்றுவிட்டுப் போகும்.

கல்பனா டார்ச்சைப் பிடுங்கினாள். ஹப்பை லேப்டாப்பிலிருந்து கழற்றி மறுபடி சொருகினாள். கேமரா கண் விழித்தது. மீட்டிங்குக்குள் திரும்பிப் போய், மன்னிப்புக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தாள். குரல் நடுங்கவில்லை.

போன் உடனே வந்தது.

"கல்பனா, நான் என்ன சொன்னேன்?"

"சார், காரணம் தெரிஞ்சிருச்சு சார். சார்ஜ் ஏத்துற சாமான் ஒண்ணு ஹப்புல இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"யார் சொருகுனா?"

கல்பனா பதில் சொல்லவில்லை. மாமனாரைப் பார்க்கவும் இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"பாருங்க, இது போன தடவை மாதிரியே இருக்கு. ஏதோ ஒரு சாமான், யாரோ சொருகுனாங்க, எடுத்தாச்சு. நாளைக்கு அந்த யாரோ வேற எதையாவது சொருகுவாங்க. இதை நான் க்ளையன்ட்கிட்ட எப்படிச் சொல்றது? திங்கட்கிழமை ஆபீஸ் வந்துருங்க."

சுந்தரபாண்டியன் கையில் டார்ச்சோடு நின்றார். பேர் சொல்லாமல் நிற்கிற சாட்சியை அவருக்குத் தெரியும். சொந்தக்காரனைக் காப்பாற்றத்தான் அப்படி நிற்பார்கள். அப்படி நின்றவர்களை அவர் சத்தம் போட்டுப் பேசவைத்திருக்கிறார். இவளைப் பேசவைக்க அவருக்கு மனது வரவில்லை. போனை வாங்கிக்கொண்டார்.

"சார் வணக்கம். சுந்தரபாண்டியன் பேசுதேன். எஸ்.ஐ., ரிட்டயர்டு. பிள்ளைக்கு மாமனார். சொருகுனது நான்தான்."

"எதை சார்?" என்றார் எட்வின்.

"டார்ச் லைட்டு சார். இன்னைக்கு மட்டுமில்ல, திங்கக்கெழமையும் நான்தான். அதுக்கு முன்னாலயும் நானாத்தான் இருக்கும். யாரும் தூண்டி விடல. பிள்ளைக்கு இதுல சம்பந்தமில்ல."

"சார்," என்றார் எட்வின், கொஞ்சம் இறங்கிய குரலில், "நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா க்ளையன்ட் நம்பணும். அதே ஃபால்ட்டை மறுபடி வரவழைச்சுக் காட்ட முடியுமா? நான் வீடியோவுல பார்க்கணும். ரெக்கார்ட் பண்ணிக்குவேன்."

சுந்தரபாண்டியனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிடிபட்டவனைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போய், எப்படிச் செய்தாய், செய்து காட்டு என்று கேட்பதைத்தான் கேட்கிறான். அவரே எத்தனை பேரைக் காட்டவைத்திருக்கிறார். சுவர் ஏறச் சொல்லி, பூட்டை நெம்பச் சொல்லி, பக்கத்தில் சாட்சிகளை நிறுத்தி.

கல்பனா லேப்டாப்பில் எட்வினைக் கூப்பிட்டாள். பேச்சு கேட்க போனும் பக்கத்தில் ஸ்பீக்கரில் இருந்தது. குருவம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஊறிய அரிசி ஒட்டியிருந்தது. விஷயத்தை அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தாள்.

"படம் எடுக்காகளா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை."

"மூஞ்சிய மூடிக்கத் துண்டு எடுத்தாரவா?"

அவர் முறைத்தார். அந்த முறைப்பில் பழைய பலம் இல்லை.

"கேமராவைக் கொஞ்சம் கீழ திருப்புங்க கல்பனா," என்றது போன். "ஹப் தெரியணும். சார், மெதுவா பண்ணுங்க. முதல்ல எங்க நின்னீங்க?"

"அந்த மூலையில, ஸ்டூலுல."

"அங்கிருந்து வாங்க. பண்ணுன மாதிரியே பண்ணுங்க."

அவர் மூலைக்குப் போனார். இடுப்பை வளைத்துக் குனிந்தார். பூனை மாதிரி நகர்ந்தார். பூனை நடை எதற்கு என்று குருவம்மாள் கேட்டதைக் காதில் வாங்கவில்லை. மண்டியிட்டு, வயரைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசி வாயில் சொருகினார்.

திரை கறுத்தது.

"கட் ஆயிருச்சு," என்றது போன். எட்வின் குரலில் சந்தோஷம் இருந்தது. "சூப்பர் சார். எடுங்க. திரும்ப வருதா பார்ப்போம்."

டார்ச்சைப் பிடுங்கினார். கல்பனா ஹப்பைக் கழற்றிச் சொருகினாள். எட்வின் முகம் வந்தது.

"இன்னொரு தடவை சார். ஒரு தடவைன்னா தற்செயல்னு சொல்லுவான்."

இன்னொரு தடவையும் மூலையிலிருந்து கிளம்பினார். இந்தத் தடவை முழங்கால் கொஞ்சம் பிடித்தது. திரை மறுபடி கறுத்தது, மறுபடி வந்தது.

"போதும்," என்றார் எட்வின். "இதைத்தான் இத்தனை நாளா கேட்டேன். கல்பனா, இதையே ரிப்போர்ட்டா எழுதுங்க. காரணம் டார்ச். லேப்டாப்புல இனி வேற எதுவும் சொருகறதில்லை. சென்னைக்கெல்லாம் வர வேண்டாம்." சற்று நிறுத்தி, "சார், ஒரு சந்தேகம். நீங்க உண்மையிலேயே போலீஸ்தானா?" என்று கேட்டார்.

"ரிட்டயர்டு," என்றார் சுந்தரபாண்டியன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கல்பனா ரிப்போர்ட்டை அவரிடம் காட்டினாள். சொருகியவர் என்ற இடத்தில் 'வீட்டு உறுப்பினர் ஒருவர்' என்று போட்டிருந்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. ரோந்துக்கும் போகவில்லை. குருவம்மாள் கிரைண்டரைப் போட்டாள். அது நெடுநேரம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் போய் நைனா முகமது கடையில் இறங்கினார். டார்ச்சைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"இதுக்குச் சுவத்துல சொருகுற கட்ட ஒண்ணு வேணும் பாய்."

நைனா முகமது டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயரைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

"அந்தக் கேஸு என்னாச்சு ஐயா? ஆளு சிக்குனானா?"

"சிக்கிட்டான்."

"ஆரு?"

"வீட்டு ஆளுதான். வயசாளி. பேரு வேண்டாம்."

"சேச்சே, பேரெல்லாம் எதுக்கு." நைனா முகமது கட்டையை டார்ச்சில் மாட்டிக் கடைச் சுவரில் சொருகிப் பார்த்தார். சிவப்புப் பொட்டு எரிந்தது. "அடிச்சீகளா?"

"தொடவே இல்ல. அவராவே வந்து ஒத்துக்கிட்டாரு."

"அந்தக் காலத்து ஆளுக அப்படித்தான். பொறவு?"

பொறவு என்ற அந்த வார்த்தையில் சுந்தரபாண்டியனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொறவென்ன, சம்பவ எடத்துக்கே கூட்டிப்போயிச் செஞ்சு காட்டச் சொன்னோம். ரெண்டு தடவ. மனுசன் அசரல. கண்டிச்சு விட்டாச்சு. இனிமே அந்தப் பக்கம் போகமாட்டாரு."

"நல்லது," என்றார் நைனா முகமது, கட்டையைக் கவரில் போட்டு நீட்டியபடி. "இந்தாங்க, அவருகிட்டக் குடுங்க. எட்டு மணிக்கு முன்னாலயே சொருகி வைக்கச் சொல்லுங்க, ரோந்துக்கு லேட்டாயிரும்."